டீச்சர் வராத வருடத்தின் கூரை

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவர் ஒரு கல்லூரி பிரின்ஸ்பால். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு பழி என் தலையில் விழக் கூடாது.

"மேடத்தோட மழைக்காட்டுப் பயணத்தைப் பத்தி ஒரு கதை குடுங்க சார். நினைவு மலருக்கு. உருக்கமா இருக்கணும். ஆனா படிச்சு முடிச்சதும் ஒரு நம்பிக்கை வரணும்" என்றார். இறந்துபோனவள் என் மனைவி. உருக்கத்தை நான் வைத்துக்கொள்கிறேன், நம்பிக்கையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது.

நான் எழுத்தாளன் அல்ல. அச்சகத்தில் மற்றவர்கள் எழுதியதில் பிழை பார்த்தே கண்ணாடியின் பவர் ஏறியவன். பிழை பார்க்கிறவன் எழுத உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கீழே பாருங்கள்.

"காடு அவளை அழைத்தது." [காடு யாரையும் அழைப்பதில்லை. அடித்துவிட்டேன்.]

"பூமியின் நுரையீரலான மழைக்காட்டில் அவள்..." [அவள் நுரையீரல் கெட்டுத்தான் போனாள், நகரத்து ஆஸ்பத்திரியில், கட்டிலில் உட்கார்ந்தபடி. இந்த உவமையை எவர் எழுதிக்கொண்டு வந்தாலும் அடிப்பேன்.]

"நான் என் மனைவியை..." [இதில் மூன்றாவது சொல்லோடு கை நின்றுவிடுகிறது. நான்கு காகிதங்கள் இப்படியே போயின.]

ஆகவே ஓர் ஏற்பாடு. கதைக்குள் 'நான்' கிடையாது. அச்சகத்தில் என்னைக் கூப்பிட்ட மாதிரி 'புரூப் சார்' என்று ஓர் ஆளை உள்ளே அனுப்புகிறேன். அவள் 'டீச்சர்'. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்கும் தெரியும். எனக்கு வருகிற எரிச்சலெல்லாம் அவருக்கும் வரும். இனி அவர் பாடு.

2

நிலைத்தன்மை, பண்பாட்டு அனுபவம், மழைக்காட்டு மக்களோடு வாழ்க்கை, சேவை. இவை நான்கும் ஒரே பயணத்தில் கிடைக்கும் என்று கல்லூரிச் சுற்றறிக்கை சொல்லும். அதை ஒவ்வொரு வருடமும் சாப்பாட்டு மேஜையில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் திருத்திக் கொடுப்பது புரூப் சார்தான்.

"இது நாலும் ஒரே பஸ்ல ஏறுமா?" என்று கேட்பார்.

"மலை ஏறுறப்ப யாருக்கும் வாந்தி வரலேன்னா ஏறும்" என்பாள் டீச்சர்.

டீச்சர் பூகோளம் நடத்தினாள். மழைக்காலம் பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்பாக மாணவர்களை ஏற்றிக்கொண்டு, காட்டுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்னக் குடியிருப்புக்குப் போவாள். பிளாஸ்டிக் கூடாது என்பது பயணத்தின் சட்டம். ஆகவே பிள்ளைகள் கடையில் விலை கொடுத்து மூங்கில் பிரஷ் வாங்கி, மூங்கில் காட்டுக்கே எடுத்துக்கொண்டு போவார்கள். துணிப்பையில் கட்டிவந்த பிஸ்கட் முதல் தூறலிலேயே கூழாகிவிடும். அட்டைப்பூச்சி ஒட்டிய காலைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக்காலில் குதிப்பார்கள்.

சாயங்காலம் டீக்கு அப்புறம் பண்பாடு. சுற்றறிக்கையில் அப்படித்தான் இருக்கும்: தேநீர், பிறகு பண்பாடு. குடியிருப்பில் உள்ளவர்கள் வேலை முடித்து, காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். மாணவர்கள் சுற்றி அமர்ந்து, "உங்களுக்குக் காடுன்னா என்ன?" என்று கேட்பார்கள். ஒருமுறை ஓர் ஆள் ரொம்ப யோசித்து, "ஈரம்" என்றார். எல்லோரும் அதைக் குறித்துக்கொண்டார்கள். அவர் தன் சட்டையைப் பற்றிச் சொன்னார் என்று டீச்சர் வீட்டுக்கு வந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே...

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடியாது.]

சேவை என்பது பள்ளிக்கூடத்துக்குக் கூரை. குடியிருப்பில் ஒற்றை அறைப் பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. மாணவர்கள் காட்டு ஓலையை வெட்டி, முடைந்து, மூங்கில் சட்டத்தில் வைத்துக் கட்டுவார்கள். அதைக் கட்டச் சொல்லிக்கொடுப்பவள், திட்டுகிறவள், எல்லாவற்றுக்கும் பொறுப்பு குடியிருப்பைச் சேர்ந்த ஹலோ அக்கா. அங்கே ஒரு பாறை மேல் ஏறினால்தான் போனில் சிக்னல் வரும். அவள் ஏறி நின்று பத்து ஹலோ போட்ட பிறகுதான் விஷயத்துக்கு வருவாள். பெயர் வைத்தவர்கள் மாணவர்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. "உங்களுக்கு மட்டும் ஒரே ஹலோவுல எடுத்துடுதா?" என்பாள்.

3

ஒரு வருடம் துணைக்குப் போகவேண்டிய ஆண் ஆசிரியர் கடைசி நேரத்தில் முதுகு பிடித்துக்கொண்டது என்று ஒதுங்கிவிட்டார். டீச்சர் புரூப் சாரை இழுத்துக்கொண்டு போனாள்.

பஸ் இறங்கி நடந்து போய்ச் சேர்ந்தால், பள்ளிக்கூடம் வெறும் மூங்கில் சட்டத்தோடு நிற்கிறது. முள் மட்டும் மிஞ்சிய மீன் மாதிரி. மாணவிகள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள். "பாவம்! போன மழையில மொத்தமா போயிருச்சு போல!" ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புரூப் சாரும் அதை நம்பினார்.

அப்புறம் டீச்சரும் புரூப் சாரும் மட்டும் ஹலோ அக்கா வீட்டுக்குள் டீ குடிக்கப் போனார்கள். பாயில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால், தலைக்கு மேலே ஓலை நரம்பில் சிவப்பு நகச்சாயத்தில் ஓர் இதயம். பக்கத்தில் கல்லூரியின் பெயர். போன வருடத்தின் எண்.

"அக்கா, இது போன வருஷம் எங்க பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குப் போட்ட ஓலை இல்ல?"

ஹலோ அக்கா மேலே பார்க்கவில்லை. டீச்சரைப் பார்த்தாள். "உங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு எங்கெல்லாம் போகுது பாருங்க."

"அதான் அவருக்கு வேலை. எங்கடா தப்புன்னு தேடிக்கிட்டே இருப்பாரு. வீட்லயும் அப்படித்தான்."

"நான் தப்புன்னு சொல்லலையே!"

"சொல்லாதீங்க. டீயக் குடிங்க."

டீ குடித்து முடிப்பதற்குள் விஷயம் வெளியே வந்தது. காட்டில் ஓலை வெட்ட வன அலுவலகம் யாருக்கும் அனுமதி தருவதில்லை. மாணவர் சேவை முகாம் வந்தால் மட்டும், பொதுக் கட்டடத்துக்கு மட்டும் உண்டு. குடியிருப்பில் இருப்பவர்கள் தங்கள் வீட்டுக்கு ஓர் ஓலை வெட்டினாலும் குற்றம். ஆகவே அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். மாணவர்கள் வருவதற்கு முன் பள்ளிக்கூடத்துக் கூரையைப் பிரிப்பார்கள். ஒரு வருடம் ஆன ஓலை இன்னும் நன்றாகவே இருக்கும். அது ஒழுகுகிற வீடுகளுக்குப் போகும். மாணவர்கள் வந்து பள்ளிக்கூடத்துக்குப் புது ஓலை போடுவார்கள். அடுத்த வருடம் அதுவும் வீடுகளுக்கு.

"இது ஏமாத்து வேலை இல்லையா?" என்று புரூப் சார் திரும்பி வரும் வழியில் கேட்டார். பிள்ளைகள் முன்னால் பாடிக்கொண்டு போனார்கள்.

"யாரை ஏமாத்துறோம்? பிள்ளைங்க கூரை போடுறாங்க. கூரை நிக்குது. ஒரு வருஷம் பள்ளிக்கூடத்துல, மிச்ச வருஷம் வீட்டுல. இதுல பொய் எங்க இருக்கு? காட்டுங்க, அடிச்சுடலாம்."

"மழையில போயிருச்சுன்னு பிள்ளைங்க அழுவுதே."

"நானா சொன்னேன்? அதுங்களா நினைச்சு அதுங்களா அழுவுது. போன வருஷக் கூரை எங்க போச்சுன்னு ஒரு பிள்ளை, ஒரே ஒரு பிள்ளை, கேட்டா சொல்லிடுவேன். கேக்க மாட்டேங்குதே! எத்தனை வருஷமா காத்துக்கிட்டிருக்கேன். என்ன பூகோளம் நடத்தி என்ன பிரயோஜனம்?"

வீடுகளுக்கே நேராக ஓலை வெட்ட அனுமதி கேட்டு அவள் மனு மேல் மனுவாக எழுதிக்கொண்டிருந்தாள். 'பரிசீலனையில் உள்ளது' என்பது அலுவலகத்தின் நிரந்தரப் பதில்.*

* இந்தப் பதிலில் ஒருமுறைகூட எழுத்துப்பிழை இருந்ததில்லை. எனக்கு அதுவே எரிச்சல்.

4

டீச்சர் போன பிறகு ஒருநாள் மத்தியானம் போன் அடித்தது.

"ஹலோ! ஹலோ! ஹலோ! அண்ணே! கேக்குதா?"

"கேக்குதுக்கா."

"டீச்சருக்காக நான் அழுதாச்சு. இங்க எல்லாரும் அழுதாச்சு. இனியும் அழுவோம், அது வேற. இப்ப சொல்லுங்க, பஸ்ஸு எப்ப?"

"பஸ் வராதுக்கா. காலேஜ்ல இந்த வருஷம் வேணாம்னுட்டாங்க. டீச்சருக்கு மரியாதையா."

"மரியாதைன்னா வரணும்ல? வராம இருக்கிறது என்ன மரியாதை? அண்ணே, கூரையப் பிரிச்சாச்சு! ஓலை பூரா வீடுங்க மேல ஏறியாச்சு. பள்ளிக்கூடம் வானத்தப் பாத்துக்கிட்டு நிக்குது!"

"பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"என்னிக்குக் கேட்டோம்? நாங்க பிரிப்போம், டீச்சர் வருவாங்க. அப்படித்தானே ஓடுச்சு?"

"சரி, ஏதாவது ஒரு வீட்டு ஓலையை எடுத்துத் திரும்ப..."

"எந்த வீடு? நீங்களே சொல்லுங்க. என் நாத்தனார் வீடுன்னு மட்டும் சொன்னீங்கன்னா இப்பவே ஏறிப் பிரிச்சுடறேன்."

[இங்கே நிறுத்துகிறேன். ஹலோ அக்காவை நான் ரொம்பச் சாமர்த்தியசாலியாக எழுதிவிட்டேனோ என்று சந்தேகம். காட்டில் இருக்கும் பெண் என்றால் வாயைத் திறந்ததும் ஞானம் கொட்ட வேண்டும் என்று படிக்கிறவர்கள் எதிர்பார்ப்பார்கள். அப்படியெல்லாம் இல்லை. அவளுக்குப் பாதி நாள் நாத்தனாரோடு சண்டையிலேயே கழியும். சீட்டாட்டத்தில் கூசாமல் கள்ளம் செய்வாள். பஸ் வருகிறதா என்று கேட்காமல் கூரையைப் பிரித்தது வடிகட்டின முட்டாள்தனம். இதை அவளிடமே சொல்லிவிட்டேன். அவளும், "ஆமா, முட்டாள்தனம்தான், இப்ப மழைக்கு என்ன சொல்ல?" என்றாள்.]

"பிள்ளைங்க எங்க உக்காருதுங்க?" என்று புரூப் சார் கேட்டார்.

"எங்க உக்காரும்? மழை இல்லாதப்ப உள்ள. மழை வந்தா வீட்டுக்கு. இன்னும் கொஞ்ச நாள்ல நாள் பூரா மழைதான். வாத்தியார் இப்பவே இடமாற்றம் கேக்குறாரு. போனா இன்னொருத்தர் வரமாட்டாங்கண்ணே. கூரை போனா போகுது, வாத்தியார் போயிட்டா பள்ளிக்கூடமே போச்சு."

அவ்வளவுதான் கதையில் உள்ள ஆபத்து. யாரும் காட்டில் தொலைந்து போகவில்லை. யானை வரவில்லை. ஒரு பள்ளிக்கூடம் நனையப் போகிறது, அவ்வளவே.

5

பிரின்ஸ்பால் அறையில் மேஜை மேல் ஒரு கண்ணாடிக் குடுவை இருக்கிறது. அதற்குள் பாசி, சின்னச் செடிகள், ஒரு பிளாஸ்டிக் தவளை. குட்டி மழைக்காடு. ஏசி காற்று பட்டு வெளிப்பக்கம் வேர்த்திருந்தது. புரூப் சார் தவளையைப் பார்த்தபடியே பேசினார்.

"சார், இந்த வருஷப் பயணத்தை நிறுத்த வேணாம்."

"எப்படி சார்? மேடம் இல்லாம? மௌன வருஷம்னு அறிவிச்சிருக்கோம். அடுத்த வருஷம் பிரமாதமா பண்ணிடலாம்."

"பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்ல சார்."

"அடுத்த வருஷம் போட்டுடலாமே."

"இந்த வருஷ மழை அடுத்த வருஷம் வந்து பெய்யாது சார்."

பிரின்ஸ்பால் நாற்காலியில் நிமிர்ந்தார். "அடடே! இதைக் கதையில எழுதுங்க!"

[எழுதிவிட்டேன்.]

ஏன் கூரை இல்லை என்று பிரின்ஸ்பால் கேட்கவில்லை. கேட்டிருந்தால் புரூப் சார் திண்டாடியிருப்பார். உண்மையைச் சொன்னால் கல்லூரி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காது. வன அலுவலகத்துக்குத் தெரிந்தால் வீடுகளில் இருக்கிற ஓலையும் இறங்கும், வழக்கும் வரும். சொல்லாவிட்டால் பள்ளிக்கூடம் நனையும். வாயைத் திறந்தாலும் மூடினாலும் கெடுதி என்கிற நிலைமையில் ஒரு மனிதனை உட்கார வைத்து, எதிரே ஒரு பிளாஸ்டிக் தவளையையும் வைத்தால் அவன் என்னதான் செய்வான்?

"ஒரு வழி இருக்கு சார்" என்றார் பிரின்ஸ்பால், குரலைத் தாழ்த்தி. "நீங்க மேடம் பேரைக் குடுங்க. நினைவுப் பயணம்னு அறிவிச்சுடலாம். எல்லாருக்கும் மேடம் படம் போட்ட டீ-ஷர்ட். பஸ் கிளம்பும்போது மலர் வெளியீடு, உங்க கதையோட. துக்கம்னு நிறுத்தினதை அஞ்சலின்னு சொல்லிக் கிளப்பிடலாம். கமிட்டிகிட்ட நான் பேசிக்கிறேன்."

"பேர் இல்லாம முடியாதா சார்?"

"பேர் இல்லாம எதுக்கு சார் கமிட்டி முடிவை மாத்தும்?"

6

இந்த இடத்தில்தான் டீச்சரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கல்லூரி ஆசிரியர் அறையில் ஒரு மின்விசிறி உண்டு. அதன் இறக்கைகளில் கொடுத்தவர் பெயர், தகப்பனார் பெயர், தொழில் எல்லாம் எழுதியிருக்கும். "சுத்த விட்டா பேர் தெரியல, பேரைப் படிக்கலாம்னா காத்து வரல" என்பாள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் கட்டிலில் எழுதியிருந்த நன்கொடையாளர் பெயரைத் துண்டால் மூடிவிட்டாள். "எனக்கப்புறம் எதுலயாவது என் பேரைப் போட விட்டீங்க, எந்திரிச்சு வந்துடுவேன், பாத்துக்குங்க."

புரூப் சார் மச்சானுக்கு, அதாவது டீச்சரின் தம்பிக்கு, போன் போட்டார்.

"அக்காவுக்குப் பிடிக்காது மாமா."

"தெரியும்டா."

"படம் வேற போடுவாங்களா? டீ-ஷர்ட்லயா? அக்கா இருந்திருந்தா அந்தாளு மேஜையக் கவுத்திருக்கும்."

"தெரியும்டா."

"அப்புறம் ஏன் என்கிட்ட கேக்குறீங்க?"

"கேக்கல. சொல்றேன். அங்க மழை புடிச்சிருச்சுடா."

"திட்டு வாங்கப் போறீங்க மாமா" என்றான் மச்சான்.

"வாங்கிக்கிறேன். அவ வந்து திட்டட்டும்."

புரூப் சார் மறுநாள் சம்மதம் கொடுத்தார். பெயரைப் போட்டார்கள். படத்தைப் போட்டார்கள். கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்த படம் அது. ஏதோ சொல்ல வாயெடுத்து, அதற்குள் படம் எடுத்துவிட்ட மாதிரி இருப்பாள். அவருக்கும் ஒரு டீ-ஷர்ட் கொடுத்தார்கள், பெரிய அளவில். மனைவியின் முகத்தை வயிற்றில் மாட்டிக்கொண்டு ஒருவன் எந்தத் தெருவில் நடப்பான்? பீரோவில் மடித்து வைத்தார். மடித்தால் முகம் மடிகிறது. மடிக்காமல் ஹேங்கரில் தொங்கவிட்டார். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் வாயெடுக்கிறாள்.

பெயரைப் போட்டாயிற்று. நான் சொன்னபடி திட்டு வாங்கத் தயாராகத்தான் இருக்கிறேன். அவள் இன்னும் எழுந்து வரவில்லை.

[மேலே 'நான்' வந்துவிட்டது. பார்த்தேன். இருக்கட்டும்.]

7

இனி முடிவு. பிரின்ஸ்பால் கேட்ட உருக்கமும் நம்பிக்கையும் வரும்படியாக மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: மாணவர்கள் கூரை வேய்ந்து முடிக்கிறார்கள். மழை வருகிறது. ஒரு சொட்டுக்கூட உள்ளே ஒழுகவில்லை. குழந்தைகள் டீச்சரின் படத்தைப் பார்த்துக் கைகூப்புகிறார்கள்... [இதை எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது. ஒழுகாத கூரையை மாணவர்கள் எந்த வருடமும் போட்டதில்லை. பஸ் போன பிறகு ஹலோ அக்கா ஏறி எல்லா முடிச்சையும் அவிழ்த்துத் திரும்பக் கட்டுவாள், மாணவர்களின் பெற்றோர்களைத் திட்டிக்கொண்டே.]

இரண்டாவது: பஸ் கிளம்பும்போது ஒரு மாணவி ஓடிவந்து புரூப் சாரிடம் கேட்கிறாள், "சார், போன வருஷம் சீனியர்ஸ் போட்ட கூரை என்ன ஆச்சு?" அவர் கண்ணில் நீர். வானத்தைப் பார்க்கிறார்... [இதை எழுதிய பிறகு, பஸ் கிளம்பிய அன்று, அப்படி ஒரு மாணவி வந்தாள், உண்மை. வழியனுப்பப் போயிருந்தேன். ஓடிவந்து, "சார், அங்க போன் சார்ஜ் போட முடியுமா?" என்றாள். என் மனைவியின் முகம் அவள் மார்பில் குலுங்கிக்கொண்டிருந்தது. "முடியாதும்மா" என்றேன். "அய்யோ" என்று திரும்பி ஓடிவிட்டாள். நல்ல பிள்ளை. ஊர் வரை வாந்தி வராமல் இருக்கட்டும்.]

மூன்றாவது: வன அலுவலகத்தில் ஒருவர் மலரில் வந்த கதையைப் படிக்கிறார். மனம் இளகுகிறது. வீடுகளுக்கு அனுமதி... [யார் மனம்? எந்த அலுவலகத்தில்? இதை அடிக்கக்கூட மை செலவழிக்கத் தோன்றவில்லை.]

கடைசியில் மலருக்கு முதல் முடிவைத்தான் கொடுத்தேன். காடு, கூரை, கைகூப்பல் எல்லாம் போட்டு, வேறு ஒரு கதையாக. பிரின்ஸ்பாலுக்கு ரொம்பப் பிடித்தது. மேடையில் வாசித்தார்கள். கைதட்டினார்கள். பஸ் போனது. ஓலை வெட்டினார்கள். "ஹலோ, ஹலோ, கூரை ஏறிடுச்சுண்ணே, ஆனா என்ன கட்டு கட்டியிருக்குதுங்க, கடவுளே" என்று போன் வந்தது. வாத்தியார் இடமாற்றக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாராம், இந்த மழை மட்டும்.

அது போகட்டும். நீங்கள் படித்துக்கொண்டிருக்கிற இந்தக் கதையை என்ன செய்வது?

இது அச்சில் வந்தால் வீடுகளின் ஓலை எங்கிருந்து வந்தது என்பது ஊருக்கே தெரிந்துவிடும். ஆகவே இதை யாருக்கும் கொடுக்கப்போவதில்லை. டீச்சரின் மனுக்களைத் தேதி மாற்றி, என் கையெழுத்தில், இப்போது நான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். பரிசீலனையில் இருக்கிறதாம். என்றைக்காவது அந்த வீடுகளுக்கு நேராக ஓலை வெட்டலாம் என்று உத்தரவு வந்தால், அன்றைக்கு இதை எடுத்துக்கொண்டு போய் என் பழைய அச்சகத்திலேயே கொடுப்பேன். அதற்குள் நானும் போய்விட்டால், சாமான் ஒழிக்க வருகிற எவனோ ஒருவன், நன்றாக இருக்கிறதே என்று எடுத்துப் போட்டுவிடுவான். என் மச்சானாகவே இருக்கலாம். அவனுக்கு எதையும் பத்திரப்படுத்தத் தெரியாது.

இரண்டில் எது நடந்தது என்று எனக்குத் தெரிய வழியில்லை. எழுதிக்கொண்டிருக்கிறவனுக்கு உத்தரவும் வரவில்லை, சாவும் வரவில்லை. அச்சில் படிக்கிற உங்களுக்குத்தான் தெரியும். யாரிடமாவது விசாரியுங்கள். உத்தரவு வந்திருந்தால் இது ஒரு பழைய வேடிக்கை, நாலு பேருக்குச் சொல்லிச் சிரியுங்கள்.

வராமலிருந்தால், தயவுசெய்து வாய்விட்டுப் படிக்காமல், பக்கத்தை மெதுவாக மூடுங்கள். அந்த ஓலைக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள்.